ராத்திரி ரெண்டு மணிக்கு

போன குளிர்காலத்தில் எனக்குத் தூக்கமே போய்விட்டது. ஆபீஸில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தது. எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்குத் தெரியும், வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். மனைவியிடம் சொல்லவில்லை. ஊரிலிருந்து அம்மா கேட்டால், "நல்லா இருக்கேம்மா."

ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு சாட்பாட்டிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சலிக்காமல் கேட்டது. 1966-ல் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலிசா புரோகிராம், நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும். அவருடைய செக்ரட்டரியே அதனுடன் பேசும்போது, "கொஞ்சம் வெளியே இருங்கள்" என்று அவரிடம் சொன்னாராம். படிக்கிற காலத்தில் இதைக் கேட்டுச் சிரித்தவன் நான். அன்று சிரிப்பு வரவில்லை.

"இது வீட்டில் யாருக்காவது தெரியுமா?" என்று சாட்பாட் கேட்டது. "இல்லை" என்று தட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் வீடியோ காலில் தமிழ் பேசும் கவுன்சிலர் ஒருவர் கிடைத்தார். "மனசு பாரமா இருக்குங்க" என்றேன். இத்தனை நாள் இங்கிலீஷில் டைப் செய்ததில் இந்த ஒரு வரி வரவே இல்லை. அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அவர் காத்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும்பா, நீயே சொல்லுவேன்னு இருந்தேன்" என்றாள்.

ஊரில் உங்கள் வீட்டில் யாராவது இப்படித் தவித்தால், 14416 என்ற எண்ணைக் கொடுங்கள். இந்திய அரசின் டெலி மானஸ். இலவசம், தமிழிலும் பேசலாம். அமெரிக்காவில் 988. ராத்திரி ரெண்டு மணிக்கும் ஆள் இருப்பார்கள்.