ஐம்பது சி.சி.

பதினாறு வயதிலேயே ஓட்டுநர் உரிமம் பெறலாம் என்றால் இன்று நாகர்கோவிலில் பலர் நம்புவதில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் அது இருக்கிறது. பெற்றவர் எழுத்தில் சம்மதித்தால், 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத இருசக்கர வாகனத்தைப் பதினாறு நிரம்பியவர் ஓட்டலாம்.

அன்று அதற்குப் பொருளிருந்தது. லூனா இருந்தது, 1980இல் வந்த டி.வி.எஸ். 50 இருந்தது. தோவாளைப் பூ மூட்டைகளைச் சுமந்தபடி அது முக்கி முனகிப் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். வேகம் என்ற சொல்லுக்கே அதனிடம் இடமில்லை. பழகும் பையனுக்கு அதைவிட நல்ல ஆசான் கிடையாது. அதன் வழிவந்த எக்ஸ்.எல். 100இன் எஞ்சின் இப்போது ஏறத்தாழ நூறு சி.சி. விதி அப்படியே இருக்கிறது, அதற்குரிய பெட்ரோல் வண்டியைத்தான் கடைகளில் காணோம்.

ஆக எஞ்சியிருப்பது பதினெட்டு என்ற ஒரே வாசல். எல்.எல்.ஆர். எடுத்து முப்பது நாள் கழித்து, ஆர்.டி.ஓ. மைதானத்தில் காலூன்றாமல் எட்டு போட்டுக் காட்டினால் போதும். கியர் வண்டி என்பது ஒரே வகுப்பு. நூறு சி.சி.யில் எட்டு போட்டவன் மறுநாளே ஆயிரம் சி.சி.யில் ஏறலாம். ஐரோப்பிய நாடுகளில் பதினெட்டு வயதுக்காரனுக்கு 35 கிலோவாட் திறன் வரைதான். நியூசிலாந்து 1987லேயே உரிமத்தைப் படிகளாகப் பிரித்தது: இடைப்பட்ட படியில் இருப்பவர் இரவு பத்திலிருந்து விடியற்காலை ஐந்து வரை தனியாக ஓட்டக்கூடாது, துணைக்கு அனுபவசாலி இல்லாமல் ஆளேற்றக்கூடாது.

நம்மவர்கள் 2019இல் செய்த திருத்தம் வேறு வகை. சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றவருக்கு மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து. பையனுக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் இல்லை. கடுமையில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பிறந்தநாளுக்கு முந்தைய இரவுவரை இத்தனை அச்சுறுத்தும் சட்டம், மறுநாள் காலை ஒரேயடியாகக் கையை விட்டுவிடுவது விநோதம்தான்.

என் தங்கை மகனுக்கு வரும் மாதம் பதினெட்டு. இருநூறு சி.சி. வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். "லைசன்ஸ் எடுத்தாச்சுன்னா பின்ன எந்த வண்டியும் ஓட்டலாம்லா மாமா?" என்றான். ஓட்டலாம்தான். அவன் கல்லூரிக்குப் போகும் வழி ஆரல்வாய்மொழி. ஆனி ஆடியில் அந்தக் கணவாய்க் காற்று கனத்த புல்லட்டையே பக்கவாட்டில் தள்ளும். அதை எந்த எட்டும் கற்றுத்தருவதில்லை.

அரசு வகுக்காத படிகளைத் தங்கையும் நானும் வகுத்தோம். முதல் வருடம் அப்பாவின் பழைய நூறு சி.சி. வண்டி. இரவு பத்துக்கு மேல் சாவி அம்மாவிடம். பின்னால் நண்பர்களை ஏற்றக்கூடாது. முதலிரண்டுக்கும் முகம் சுளித்தபடி சம்மதித்துவிட்டான். மூன்றாவதில் இன்னும் பேச்சு முடியவில்லை.