மூழ்கிய தீவின் மேலே

ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழிகளைக் கண்ட மறுநாள் விடியலில், பங்கு இளைஞர் அறுவருடன் தூத்துக்குடியில் படகேறினோம். தாமிரபரணிக் கரையின் அம்மேட்டில், 2023-இல் திறக்கப்பட்ட காட்சிக்கூடத்தில், தாழிகள் புதைந்த நிலையிலேயே கண்ணாடித் தளத்தின்கீழ்க் காட்சி தருகின்றன. இறந்தோருடன் நெல்லும் இரும்புக் கருவிகளும் வெண்கலக் கலங்களும் வைத்த மக்கள் அவர்கள். "நமக்குப் பின் வருவோர் தோண்டினால் எதைக் காண்பார்கள், சாமி?" என்று ஓர் இளைஞன் கேட்டிருந்தான். அக்கேள்வியும் எம்முடன் படகில் வந்தது.

தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை கரையையொட்டி அமைந்த 21 சிறு தீவுகளை உள்ளடக்கிய கடற்பகுதி, 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் மன்னார் வளைகுடா, உலகறிந்த ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. தீவுகளில் கால் வைத்தலாகாது. எனவே வனத்துறையின் இசைவுடன் படகிலிருந்தே கண்டோம். தெளிந்த நீரின் அடியில் கடற்புல் பசும்பாய் விரித்திருந்தது. கடற்பசுவாகிய ஆவுளியா மேயும் புல் அதுவே. வான் தீவை நெருங்கியபோது, தாழ்ந்த மணல் திட்டும் சில புதர்களுமே தெரிந்தன. ஆலாப் பறவைகள் கூட்டமாய் எழுந்து மீண்டும் அமர்ந்தன.

மேலும் சிறிது தூரம் சென்றதும், படகோட்டிய முதியவர் பொறியை நிறுத்தினார். சுற்றிலும் தண்ணீரே.

"இதுக்குக் கீழதான் சாமி, விலாங்குசல்லித் தீவு. சின்ன வயசுல நான் ஓடி விளையாடின மண்ணு."

தீவைச் சூழ்ந்த பவளப்பார்களே அலையின் வேகத்தைத் தணித்து மணலைக் காத்து நின்றவை. சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் அவற்றை நெடுங்காலம் வெட்டியெடுத்தார்கள். காவல் இழந்த மணலை அலை கரைத்தது. கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டித் தீவும் இவ்வாறே மறைந்தது. 2005 அளவில்தான் அத்தொழில் ஓய்ந்தது.

"நானும் கல்லு அள்ளினவன்தான் சாமி. அன்னைக்கு வயிறு கேட்டுச்சு," என்றார் முதியவர். அவரைக் குறைகூற எமக்கு நா எழவில்லை. நாம் பிறந்த இல்லத்தின் வெண்சுவரும் அச்சுண்ணாம்பால் பூசப்பட்டதே.

இன்று வான் தீவின் முன்னே, 2015-க்குப் பின் இறக்கப்பட்ட செயற்கைப் பாறைகள் அலையைத் தாங்குகின்றன. திரும்பும் வழியில் முதியவர் அவ்விடத்தைக் காட்டி, "மீன் திரும்ப வருது சாமி," என்றார்.

அன்பர்களே, முன்னோர் தாழியில் வைத்தது, இறந்தோருக்கென்று தம் உணவிலிருந்து ஒதுக்கிய பங்கு. பிறக்கவிருப்போருக்கென்று நாம் எதை ஒதுக்குகிறோம்? இன்றிரவு உணவுக்குப்பின் இல்லத்தில் இதைப் பேசுங்கள்.