ஓர் இரவில் உலரும் சட்டை



‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்னும் பழமொழியை வகுப்பறையில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அதைச் சொல்லவும் ஒரு தகுதி வேண்டும் என்பதை ஒரு மூன்றாம் ஆண்டு மாணவனிடம்தான் கற்றுக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, மழை விடாது பெய்த ஒரு வாரம். அந்தச் சிறுவன் ஈரவாடை வீசும் சட்டையோடு வந்தான். சபைகூடலில் எல்லார் முன்னிலையிலும் அவனைக் கண்டித்தேன், பழமொழியையும் சொன்னேன். அவன் தலை குனிந்து நின்றான். இரண்டு நாள் கழித்து அவனுடைய தாயார் என்னைத் தேடி வந்தார். தொழிற்சாலை ஒன்றில் துப்புரவு வேலை. வீடு திரும்ப இரவு பத்து மணியாகும்.

“கசக்கித்தான் போட்டேன் டீச்சர். காய மாட்டேங்குது. பிள்ளைக்கு இருக்கறது ஒரு சட்டை, எனக்கு இருக்கறது ஒரு ராத்திரி.”

அந்த ஒரு சட்டையை வாங்கிக் கொடுத்தவள் நானேதான். தீபாவளிக்கு முன் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஐந்து பிள்ளைகளுக்குச் சீருடை வாங்கினோம். ‘பருத்தியே உடலுக்கு நல்லது’ என்று வாதாடி, கூடுதல் விலை கொடுத்துத் தூய பருத்திச் சட்டைகளைத் தேர்ந்தெடுத்தது நான். துவைப்பவர் யார், எந்நேரத்தில் துவைப்பார், எங்கே உலர்த்துவார் என்று நான் கேட்கவே இல்லை.

அடுத்த ஆண்டு அந்தத் தவற்றைத் திருத்துவதாக எண்ணி இன்னொரு தவறு செய்தேன். அணிநடைக் குழுவினருக்கு முழுப் பாலியெஸ்டர் சட்டை வாங்கினோம். விலை மலிவு, சுருக்கம் விழாது, விரைவில் உலரும். ஆனால் காலைப் பத்து மணி வெயிலில், திடலில் நின்ற பிள்ளைகளின் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. சிலருக்கு வேர்க்குரு வந்தது. புக்கிட் பெருவாங்கின் புழுக்கத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காரணம் எளியது. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை விழுக்காட்டைக்கூட எட்டாது. ஆகவே பருத்தி வியர்வையை உறிஞ்சும், மெதுவாக உலரும். பாலியெஸ்டர் விரைவில் உலரும், வியர்வையைத் தோலிலேயே விட்டுவிடும். 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் ‘டெரிலின்’ என்று பின்னர் பெயர்பெற்ற இழையை உருவாக்கினர். அதைப் பருத்தியோடு கலந்து நூற்ற துணிதான் நம் பெற்றோர் காலத்து டெரிகாட்டன். இன்றும் தையற்கடைகளில் ‘டி.சி.’ என்று கேட்டால் பெரும்பாலும் 65 விழுக்காடு பாலியெஸ்டரும் 35 விழுக்காடு பருத்தியும் கலந்த துணியை எடுத்துப் போடுவார்கள். பருத்தி மிகுந்த கலவையும் உண்டு. அது தோலுக்கு இதமானது, உலரச் சற்று நேரமாகும்.

மாற்றுச் சட்டை இல்லாத பிள்ளைக்கு 65க்கு 35 கலவையே கைகொடுக்கும் என்பது என் அனுபவம். இரண்டு, மூன்று சட்டை உள்ள பிள்ளைக்குப் பருத்தி மிகுந்ததை வாங்கலாம். தினமும் தரையில் உராயும் காற்சட்டைக்கும் பினாபோருக்கும் தடித்த, சாய்வரி நெசவுள்ள கலப்புத் துணியே தாங்கும்.

கடையில் கவனிக்க வேண்டியவை சில. கழுத்துப் பட்டையின் உள்ளே இருக்கும் சீட்டில் கலவை அளவைப் படியுங்கள். சீட்டு இல்லையென்றால் துணியைக் கைப்பிடிக்குள் இறுக்கிக் கசக்கி விடுங்கள். ஆழ்ந்த சுருக்கம் நின்றால் பருத்தி மிகுதி, சட்டென்று விரிந்தால் பாலியெஸ்டர் மிகுதி. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நெசவின் நெருக்கத்தை அறியுங்கள். தையலை இலேசாக இழுத்துப் பாருங்கள். துணி நன்றாக இருந்தும் தையல் விட்டுப்போன சீருடைகளையே நான் மிகுதியாகக் கண்டிருக்கிறேன். வளரும் பிள்ளைக்கு மடிப்பில் இரண்டு அங்குலமாவது விட்டிருக்க வேண்டும்.

கலப்புத் துணிக்கும் குறைகள் உண்டு. பாலியெஸ்டர் நீரை ஏற்காது, எண்ணெயை விடாது. தலைக்கு எண்ணெய் வைக்கும் நம் பிள்ளைகளின் கழுத்துப் பட்டை மஞ்சளாவது அதனால்தான். ஊற வைக்கும் முன் பட்டையில் மட்டும் சவர்க்காரம் தேய்த்துச் சற்று விட்டால் கறை குறையும். உராயும் இடங்களில் சிறு பஞ்சுருண்டைகளும் தோன்றும். தூய பருத்தியில் அவை உதிர்ந்துவிடும். கலப்பில் வலிய பாலியெஸ்டர் இழை அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பெற்றோர்களின் வேலை உடைக்கு ஓர் எச்சரிக்கை. நெருப்புக்கு அருகே வேலை செய்பவர்கள் சாதாரணக் கலப்புத் துணியைத் தவிர்க்க வேண்டும். பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். கூடவே எரியும் பருத்தி அதைத் தாங்கிப் பிடிக்கும். பற்றவைப்பு வேலைக்கும் பெரிய அடுப்படிக்கும் தடித்த பருத்தியோ தீத்தடுப்புப் பதம் செய்த துணியோதான் தக்கது. என் பாட்டி பால்மரம் சீவப் போகையில் தாத்தாவின் பழைய பருத்திச் சட்டையையே அணிவார். ரப்பர்ப் பால் காய்ந்தால் எந்தத் துணியையும் விட்டுப் போகாது. ஆகவே அந்த வேலைக்கென்று ஒரு பழைய சட்டை. வேலையறிந்து துணி தேர்ந்தவர்கள் அவர்கள்.

2021 முதல் நம் பள்ளிகளில் வெள்ளைக் காலணிக்கு மாற்றாகக் கறுப்புக் காலணி வந்தது. வாரந்தோறும் தேய்த்து வெள்ளை பூசும் வேலை ஒழிந்ததில் எத்தனை தாய்மார்கள் நிம்மதி அடைந்தார்கள்! 2023இல் பள்ளித் தொடக்க உதவித்தொகையும் வருமான வரம்பின்றி மாணவருக்கு 150 ரிங்கிட் என்றாயிற்று. அந்தப் பணத்தில் சட்டை, காற்சட்டை, காலணி, பை எல்லாம் வாங்க வேண்டிய குடும்பத்துக்கு, ஆறு மாதத்தில் கிழியும் சட்டை மலிவானதன்று.

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சீருடை பற்றிப் பேசும்போது, நிறத்தையும் விலையையும் பேசுவதற்கு முன்பாக, “இதை வீட்டில் யார், எப்போது துவைப்பார்?” என்று ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

அந்தத் தாயாருக்குப் பிறகு இரண்டு கலப்புச் சட்டைகள் வாங்கிக் கொடுத்தேன். பையனிடம் மன்னிப்பும் கேட்டேன், அதே சபைகூடலில். பழமொழியை இன்றும் சொல்கிறேன். ஆனால் சொல்வதற்கு முன்னால், “வீட்டில் மாற்றுச் சட்டை இருக்கிறதா?” என்று பிள்ளையைத் தனியே அழைத்துக் கேட்டுவிடுகிறேன்.