டொரண்டோ கடிதம்: முதல் வேலையும் சொந்த வேலையும்

கனடாவுக்குப் புதிதாக வருபவர் வேலை தேடுமுன் கையில் வைத்திருக்க வேண்டியது ஓர் எண். சமூகக் காப்பீட்டு எண் எனப்படும் அந்த 9 இலக்கங்கள் இல்லாமல் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறாது. சர்வீஸ் கனடா அலுவலகத்தில் கடவுச்சீட்டையும் குடியேற்றத் தாள்களையும் காட்டினால் கட்டணமின்றித் தருகிறார்கள். படிக்கவோ தற்காலிக வேலைக்கோ வந்தவர்களின் எண் 9இல் தொடங்கும். தங்கும் அனுமதி முடியும் நாளில் அதுவும் காலாவதியாகும்.

எண் கிடைத்ததும் பலரும் போவது ஏஜென்சிக்கு. கிழக்கே ஸ்கார்பரோ தொடங்கி மேற்கே மிசிசாகா வரை, 401 நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடங்குகளும் தொழிற்கூடங்களும் வரிசையாக நிற்கின்றன. பெட்டி கட்ட, லாரியில் சரக்கேற்ற, ரொட்டித் தட்டு நகர்த்த அங்கே அன்றாடம் ஆள் தேவை. அந்த ஆட்களை அனுப்புவதுதான் ஏஜென்சியின் தொழில். பட்டம் வாங்கியவரிடமும் அங்கே முதலில் கேட்பது "சேஃப்டி ஷூ இருக்கிறதா?" என்பதுதான்.

அந்த ஷூவைச் சற்றுக் கவனிக்க வேண்டும். விரல்களின் மேல் கவசம், அடியில் ஆணி ஏறாத தகடு, வெளிப்பக்கத்தில் நகமளவுக்கு ஒரு பச்சை முக்கோணம். மேற்பார்வையாளரின் கண் தேடுவது அந்த முக்கோணத்தைத்தான். அது இல்லாதவர் வாசலோடு திரும்ப வேண்டியிருக்கும். முதல் சம்பளம் வருமுன்பே செய்தாக வேண்டிய செலவு இது. கவசம் இரும்பாக இருந்தால் ஜனவரிக் குளிர் நேரே விரலில் ஏறும். அதனால் அதிகாலைப் பேருந்துக்கு நிற்பவர்கள் பனிக்கால ஷூவோடு வந்து, பையிலிருக்கும் இதை வேலையிடத்தில் மாற்றிக்கொள்கிறார்கள்.

இந்த முதல் வேலையில் குறைவு எதுவும் இல்லை. 1983க்குப் பின் வந்த ஈழத் தமிழர்களில் எத்தனையோ பேர் உணவகங்களில் பாத்திரம் கழுவித்தான் குடும்பத்தை நிமிர்த்தினார்கள். இன்று வருபவருக்கு எந்தக் கிடங்கில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லிவிடுபவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். ஆனால் சம்பளச் சீட்டில்லாமல் கையில் காசாகத் தரும் வேலை வேறு வகை. உழைத்த மணிக்கு அங்கே சாட்சி கிடையாது. ஒன்டாரியோ மாகாணச் சட்டப்படி ஏஜென்சி தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. 2024 ஜூலை முதல் ஏஜென்சிக்கு உரிமமும் கட்டாயம். குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபரில் மணிக்கு 17.60 டாலராக உயர்ந்தது. பெரும்பாலான வேலைகளில் வாரம் 44 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு கூலி. பாக்கி வைத்தால் 2 ஆண்டுக்குள் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் தரலாம். அதற்குக் கட்டணமோ வக்கீலோ தேவையில்லை. புதியவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இவை தெரியாததால்தான்.

சொந்தத் தொழிலுக்குத் திரும்புவதுதான் நெடும்பாடு. முதலில் ரெஸ்யூமே மாற வேண்டும். ஊர் வழக்கப்படி புகைப்படம், பிறந்த தேதி, தகப்பனார் பெயர், திருமணமானவரா என்பதெல்லாம் எழுதினால் இங்கே எடுபடாது. இரண்டு பக்கத்துக்குள் செய்த வேலையும் அதன் பலனும் இருந்தால் போதும். அடுத்து நேர்காணலில் வரும் கேள்வி: "கனேடிய அனுபவம் உண்டா?" வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்! பதினைந்து வருடம் பாலம் கட்டியவரையும் கணக்கெழுதியவரையும் இந்த ஒரு கேள்வி தொடக்கநிலைக்குத் தள்ளிவிடுகிறது. அது அநியாயம். இப்படிக் கறாராகக் கேட்பது மேலோட்டமாகப் பார்த்தாலே பாகுபாடு என்று ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013இல் அறிவித்தது. சட்டம் வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. 25 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனங்கள் தங்கள் பொது விளம்பரத்தில் அந்த நிபந்தனையைப் போடக் கூடாது என்ற விதி 2026 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது.

மருத்துவர், செவிலியர், பொறியாளர் போன்றோருக்கு உரிமம் தனி வழி. பட்டத்தை மதிப்பிட்டு வாங்கிய சான்று குடியேற்றத்துக்குப் புள்ளி சேர்த்துத் தரும். ஆனால் தொழில் செய்ய அனுமதி தராது. பலர் வந்திறங்கிய பிறகே இந்த வேறுபாட்டை அறிகிறார்கள். ஊரிலிருக்கும்போதே அந்தந்தத் தொழில் வாரியத்துக்கு எழுதிக் கேட்டு, பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் பட்டியலை நேரடியாக அனுப்ப வைத்தால் மாதக்கணக்கில் காத்திருப்பது மிச்சமாகும். பொறியாளர்களின் நிலை சற்றே இளகியிருக்கிறது: உரிமத்துக்குக் கனேடிய அனுபவம் கட்டாயம் என்பதை ஒன்டாரியோவின் பொறியாளர் வாரியம் 2023 மே மாதம் கைவிட்டது. மருத்துவர்கள் பாடு கடினம். தேர்வுகளில் தேறிய பிறகும் பெரும்பாலோருக்கு ரெசிடென்சி எனப்படும் மருத்துவமனைப் பயிற்சி இடம் வேண்டும்; வெளிநாட்டில் படித்தவர்களுக்கு அந்த இடங்கள் மிகக் குறைவு.

உரிமம் வரும்வரை, கிடங்கிலேயே தங்கிவிடாமல் தொழிலுக்குப் பக்கத்து வேலையைப் பிடிப்பது நல்லது. பொறியாளர் வரைபட வேலைக்கும், கணக்காளர் சம்பளப் பட்டியல் போடும் வேலைக்கும் போகலாம். வெளிநாட்டில் படித்தவர்களுக்கென்று மாகாண அரசின் உதவியோடு நடக்கும் இணைப்புப் பயிற்சிகள் உண்டு. நிரந்தர வதிவுரிமையோடு வந்தவர்களுக்கு ஆங்கில வகுப்பு இலவசம். மாலை வகுப்புகளும் நடப்பதால் பகல் ஷிப்ட் முடித்தவர்களும் போய் உட்கார முடிகிறது.