வாய்க்குள் அடிக்கும் வெளிச்சம்

கீழப்பாவூர், பாவூர்சத்திரம், ஆலங்குளம், முக்கூடல் என்று இந்த வட்டாரம் முழுக்கப் பீடித் தட்டுகள்தான். இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கி, பீடிக்கடையில் எண்ணிக் கொடுக்க வேண்டும். சுற்றுகிறவர்கள் பெண்கள், குடிக்கிறவர்கள் ஆண்கள். வயசான ஆச்சிமார் வெற்றிலையோடு ஒரு கிள்ளு போயிலையை அதக்கிக்கொள்வார்கள். வாய்ப்புற்று பற்றி எதைப் படித்தாலும் என் மனசு இந்தத் தட்டுகளுக்குத்தான் ஓடுகிறது.

*

இப்போது படித்துக்கொண்டிருப்பது சிங்காரவேலு கணேசன் எழுதியவற்றை. அண்ணா பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியல் துறைப் பேராசிரியராக இருந்து, ஒளியை வைத்துப் புற்றுநோயைக் கண்டறிய முடியுமா என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 1990களில் நியூயார்க்கில் ராபர்ட் அல்ஃபானோ குழுவோடு சேர்ந்து எழுதியிருக்கிறார். புற்று பிடித்த திசுவும் நல்ல திசுவும் லேசர் பட்டால் வேறு வேறு விதமாக ஒளிர்கின்றன என்று 1984இல் காட்டியவர் அந்த அல்ஃபானோ. சாயம் எதுவும் ஏற்ற வேண்டியதில்லை. திசுவுக்கே சொந்த ஒளிர்வு உண்டு.

திசுவில் ஒளிரும் பொருட்களைப் பற்றி நோட்டில் குறித்து வைத்த கணக்கு: டிரிப்டோஃபன் 280 நானோமீட்டர் புற ஊதாவை வாங்கி 350க்குப் பக்கத்தில் திருப்பித் தரும். என்ஏடிஎச் 340ஐ வாங்கி 460ஐ ஒட்டி நீலமாகத் தரும். போர்ஃபிரின் 405 ஊதாவை வாங்கி 630ஐ ஒட்டிச் சிவப்பாகத் தரும். புற்று வளர்கிறபோது செல்லின் எரிபொருள் கணக்கு மாறுகிறது, அடியில் இருக்கும் கொலாஜன் வலை சிதைகிறது. அதனால் இந்த வண்ணங்களின் விகிதமும் மாறுகிறது. மாறிய விகிதத்தைப் படிப்பதுதான் மொத்த வித்தையும்.

2003இல் கணேசன் குழு பல் மருத்துவர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு வெளியிட்ட ஆய்வு, வாய்ப்புற்று நோயாளிகளின் ரத்தப் பிளாஸ்மாவை ஒளிரவைத்துப் பார்த்தது. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. ரத்தத்தைக் குழாயில் எடுத்துச் சென்னைக்கு அனுப்பலாம். ஆச்சியை அனுப்புவதுதான் கஷ்டம். ஆனால் இன்றைக்கும் கடைசி வார்த்தை பயாப்சியுடையதுதான்.

*

திசுவுக்குள் போன ஒளி என்ன ஆகிறது? சாரல் காலத்தில் குற்றாலம் ரோட்டில் ராத்திரி வண்டி ஓட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஹைபீம் போட்டால் எதிரே வெறும் வெள்ளைதான். வெளிச்சத்தை யாரும் விழுங்கிவிடவில்லை, நீர்த்துளிகள் சிதறடித்துவிட்டன. தோலுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. ஒரு மில்லிமீட்டர் போவதற்குள் ஒளி பத்துத் தடவையாவது திசை மாறுகிறது. சுமார் 650 முதல் 950 நானோமீட்டர் வரை ரத்தமும் தண்ணீரும் கொஞ்சம் இடம் விடுகின்றன. டார்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தால் கை சிவப்பாகத் தெரிவது அதனால்தான்.

*

இந்தச் சிதறலைக் கணக்குப் போட ஒரு சமன்பாடு வேண்டும். அதை முழுதாக எழுதிவைத்த நூல் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1950இல் வெளியிட்ட கதிர்வீச்சுப் பரவல் பற்றியது. அவர் நினைத்தது நட்சத்திரங்களின் வளிமண்டலத்தை. ஒளி எந்தப் பக்கம் எவ்வளவு சிதறும் என்பதற்குத் திசு ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்ட வாய்பாடும் 1941இல் விண்வெளித் தூசிக்காக ஹெனியும் கிரீன்ஸ்டைனும் போட்டது. 1995இல் லிஹோங் வாங், ஸ்டீவன் ஜாக்ஸ் குழு வெளியிட்ட மான்டி கார்லோ நிரல், ஒவ்வொரு ஃபோட்டானாகத் திசுவுக்குள் விட்டு அதன் பாதையைத் துரத்துகிறது. இந்தத் துறைக்கு வருகிற மாணவர்களுக்கு அது அரிச்சுவடி மாதிரி.

குடும்பக் கதை ஒன்றும் இதில் இருக்கிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் தொடங்கியவர் முத்துலட்சுமி ரெட்டி. அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்து, 2021இல் கண்மூடும்வரை அதையே வாழ்க்கையாகக் கொண்டவர் டாக்டர் வி. சாந்தா. சந்திரசேகர் அவருக்குத் தாய்மாமன். 1928இல் ஒளிச்சிதறலில் புது விளைவைக் கண்டுபிடித்த சி.வி. ராமன் சாந்தாவுடைய தாத்தாவின் தம்பி. இன்று ராமன் நிறமாலையை வைத்தும் புற்றைத் தேடுகிறார்கள். ஒரே வீட்டில் மூன்று பேர். தற்செயல்தான், ஆனால் குறித்து வைக்காமல் இருக்க முடியவில்லை.

*

வெற்றிலை வாய் வேறு வாய். ஊதா விளக்கு அடித்தால் நல்ல திசு பச்சையாக ஒளிரும், சந்தேகமான இடம் கருத்துத் தெரியும் என்பது பாடம். ஆனால் வெறும் அழற்சியும் கருப்பாகத் தெரியும். பாக்கு மென்று மென்று வாய் இறுகிப்போனவர்களுக்கு கொலாஜன் கூடிவிடும், ஒளிர்வும் அதற்கேற்ப மாறும். வெற்றிலைக் கறை தன் பங்குக்கு ஒளியை விழுங்கும். பாக்கு மெல்லாத ஊரில் அளந்த எண்களைக் கொண்டுவந்து பாவூர்சத்திரத்தில் வைத்தால் தப்பாகத்தான் சொல்லும்.

நிறத்தாலும் இதே சங்கடம். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 660, 940 என்ற இரண்டு அலைநீளங்களில் ஓடுகிறது. கொரோனா காலத்தில் ஊரெல்லாம் அதை நம்பித்தான் மூச்சு விட்டது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு: கருவி 92 முதல் 96 சதவீதம் காட்டியபோதே உண்மையில் ஆக்ஸிஜன் 88க்குக் கீழே போயிருந்தது, கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீத அளவீடுகளில், வெள்ளையர்களிடம் 3.6 சதவீதத்தில். வயல்காட்டில் வெயிலில் நிற்கிறவரின் விரல் எந்தப் பக்கம் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. நம் பேராசிரியர்கள் நம் தோலில், நம் வாயில் அளந்தே ஆக வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

*

செங்கோட்டை, ஆரியங்காவு தாண்டினால் திருவனந்தபுரம். அங்கே புவி அறிவியல் மையத்தில் சுபாஷ் நாராயணன் பயிர் இலைகளின் ஒளிர்வை ஆராய்ந்தார். 1997இல் அவரும் மோகனனும் எழுதிய கட்டுரை, சூரியகாந்தி இலையின் பச்சையம் ஒளிர்வதை வைத்து அதற்கு என்ன சத்துக் குறைகிறது என்று சொல்வது. இங்கே பக்கத்தில் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்திக் காட்டில் செல்ஃபி எடுக்க வருகிற கூட்டம் இதைக் கேட்டால் சிரிக்கும். அதே மனிதர் பின்னாளில் வாய்க்குத் திரும்பினார். அவருடைய ஓரல்ஸ்கேன் என்ற கைக்கருவி 2020இல் வெளிவந்தது. எந்த இடத்தில் பயாப்சி எடுக்கலாம் என்று காட்டுவதே அதன் முக்கிய வேலை.

*

என்றாலும் பெரிய சான்று எந்தக் கருவியிடமும் இல்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கி 13 பஞ்சாயத்துகளில் நடந்த சோதனை, 2005இல் லான்செட் இதழில் வந்தது. ஆர். சங்கரநாராயணன் குழு. மருத்துவம் படிக்காத பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாக வாயைத் திறந்து பார்க்கச் சொன்னார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் இதேபோலக் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்த சோதனையில் மரணம் 35 சதவீதம் குறைந்தது (2007). அமிலம் பட்டால் கெட்ட இடம் வெளுக்கிறது. அதுவும் ஒளிச்சிதறல்தான். பேராசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது: லேசருக்கு முன்னால் பழகிய கண் வேண்டும்.

அதனால்தான் கணேசன் போன்றவர்களின் கட்டுரைகளைவிட அவர்களுடைய வகுப்பறைகள் பெரிது என்று நினைக்கிறேன். மருத்துவ இயற்பியலாளர் இல்லாமல் கதிரியக்கச் சிகிச்சை நடத்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அனுமதிப்பதில்லை. யாருக்கு எவ்வளவு கதிர் என்று கணக்குப் போடுகிறவர்கள் இப்படிப்பட்ட துறைகளில் படித்து வந்தவர்கள். கட்டுரையைப் படிக்கிறவர்கள் சில நூறு பேர் இருப்பார்கள். கணக்குத் தப்பாமல் பிழைத்தவர்களை எண்ண முடியாது. நம் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகள் இறுதியாண்டு புராஜெக்டைக் கடையில் வாங்கி வைப்பதை விட்டுவிட்டு, ஒரு எல்இடி, ஒரு வடிகட்டி, ஒரு செல்போன் கேமராவோடு இந்தப் பக்கம் வந்தால் நல்லது. பல் மருத்துவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

*

இதைப் படிக்கிறவர்களுக்கு: கருவி வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டு ஆச்சியை வெயில் விழும் முற்றத்தில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில் பாருங்கள். வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணோ இருந்தால், அரசு மருத்துவமனைப் பல் மருத்துவரிடம் அந்த வாரமே கூட்டிப் போங்கள்.