ஒரு ஆட்டப் பாட்டைப் பற்றி

துள்ளல் என்றால் நம்மவர்களுக்கு ஒரு இளப்பம். சோகத்துக்குக் கவிதையில் கிடைக்கிற மரியாதை துள்ளலுக்கு இல்லை. சிலோன் மனோகர் என்று பேச்செடுத்தால் நண்பர்கள் சிரித்துக்கொண்டு 'ஸுராங்கனிதானே?' என்பார்கள். விஷயம் அத்தோடு முடிந்துவிடும். எனக்கு அந்த இடத்தில்தான் விஷயம் தொடங்குவதாகப் படுகிறது.

ஏ. ஈ. மனோகரன் 1970களில் இலங்கையில் புறப்பட்ட தமிழ்ப் பொப்பிசைக்காரர்களில் ஒருவர். பின்னால் சென்னைக்கு வந்து படங்களில் வில்லனாக நடித்தார். 2018 ஜனவரியில் இறந்துபோனார். 'ஸுராங்கனி' 1977ல் இளையராஜாவின் இசையில் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்குள்ளும் நுழைந்தது. அதற்கு முன்பே இலங்கை வானொலி வழியாக அருப்புக்கோட்டைத் தறிக்கூடங்களுக்கும் திருச்சுழி டீக்கடைகளுக்கும் பாட்டு வந்து சேர்ந்துவிட்டிருந்தது என்று என் தகப்பனார் தலைமுறையினர் சொல்வார்கள். மழையை ஏமாற்றுகிற இந்தக் காட்டுக்குக் கடல் கடந்து தவறாமல் வந்தது அந்த ஒலிபரப்பு ஒன்றுதான் போலும்.

பாட்டின் வகை பைலா. போர்த்துக்கீசிய மொழியில் ஆடுவதைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்த பெயர். 1505ல் இலங்கைக்கு வந்து 1658ல் விரட்டப்பட்ட போர்த்துக்கீசியர் விட்டுப்போனவற்றில், கோட்டைகளைவிட உயிரோடிருப்பது இதுதான். அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் கஃப்ரிஞ்ஞா ஆட்டமும் பறங்கியர்களின் வீட்டுப் பாட்டும் கலந்து உருவானது. அதைச் சிங்களத்தில் ஜனரஞ்சகமாக்கிய வாலி பஸ்தியான் ஒரு போலீஸ்காரர். ஆறு-எட்டு என்று மேற்கத்தியர் எண்ணுகிற தாளம். நம் காதுக்குத் திஸ்ர நடை. நம் ஊர் மேளக்காரருக்கு இதில் அந்நியம் ஏதுமில்லை.

இதே போர்த்துக்கீசியர் கோவாவிலும் இருந்தார்கள். அங்கே 19ம் நூற்றாண்டில் வளர்ந்த மாண்டோ மெதுவான காதல் ஏக்கப் பாட்டு. அது முடிந்த கையோடு துல்பொத் என்கிற வேகப் பாட்டுக்குப் போய்விடுவார்கள். முதலில் ஏங்குவது, பிறகு ஆடுவது. இன்றைய லத்தீன் பாப் ஆல்பங்களிலும் (கொலம்பியாவின் ஷகீரா 2001ல் வெளியிட்டதைக் கேட்டுப் பாருங்கள்) இந்த இரண்டும் மாறிமாறி வருகின்றன. ஒன்று மற்றதற்கு அர்த்தம் தருகிறது. நம் பக்கம் வந்து சேர்ந்தது வேகமான பாதி மட்டும்தான். மெதுவான பாதி எங்கே போயிற்று என்ற கேள்வி எனக்கு வெகுநாளாக உண்டு.

சில வருஷங்களுக்கு முன் மல்லாங்கிணறு அகதி முகாமில் ஒரு கல்யாணம். (2021லிருந்து 'மறுவாழ்வு முகாம்' என்று அரசாங்கம் பெயர் மாற்றியிருக்கிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை.) கீபோர்டுக்காரர் ஸுராங்கனியை எடுத்ததும் பையன்கள் எழுந்து ஆடினார்கள். எல்லோரும் இங்கேயே பிறந்தவர்கள், சிங்களம் ஒரு வார்த்தை தெரியாது. எனக்குப் பக்கத்தில் திருகோணமலையிலிருந்து 1990ல் வந்த பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றுமில்லை. விரல்கள் மட்டும் நாற்காலிக் கையில் தாளம் பிசகாமல் தட்டிக்கொண்டிருந்தன.

"அந்தச் சிங்கள வரிக்கு என்னங்கய்யா அர்த்தம்?"

"மீன் கொண்டந்திருக்கன் எண்டு பாடுறான், தம்பி. வேற ஒண்டுமில்லை."

"நீங்க ஆடியிருக்கீங்களா?"

"ஆடாமலா? சிங்களப் பெடியளின்ர கலியாண வீடுகளில விடிய விடிய ஆடியிருக்கிறம். எண்பத்திமூண்டுக்கு முந்தி."

அதற்குப் பிறகு நடந்ததை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு தமிழன் இரண்டு பாஷைகளையும் ஒரே மூச்சில் கலந்து பாட, இரண்டு தரப்பும் ஆடிய காலம் ஒன்று இருந்தது. அந்தப் பாட்டில் சோகம் துளியும் கிடையாது. அது மீன் வாங்குகிற பாட்டு. அதில் சோகத்தைத் தேடி எடுத்துக் காட்டுவது விமர்சகனின் பொய்யாகத்தான் இருக்கும். ஆனால் 'ஸுராங்கனிதானே' என்று சிரிக்கிறவர்கள் அந்த விரல்களைப் பார்த்திருக்க வேண்டும். இழந்ததைச் சொல்லிப் புலம்புகிற நம் கவிதைகள் பலவற்றில், இழந்தது என்ன என்பதே இவ்வளவு துல்லியமாக இல்லை.

அடுத்துக் கீபோர்டுக்காரர் மெதுவான, உருக்கமான சினிமாப் பாட்டு ஒன்றைத் தொடங்கினார். பையன்கள் உட்கார்ந்தார்கள். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்திக்கு எழுந்து போனார்.