எங்கே தங்குவது?

பிரயாணத்தில் கஷ்டமான காரியம் புறப்படுவதல்ல. எங்கே தங்குவது என்று தீர்மானிப்பதுதான். மார்ச்சு மாதத் தொடக்கத்தில் பத்து நாள் பிரான்ஸ் தேசத்தில் கழிப்பது என்று முடிவானதும், எங்கள் வீட்டில் அந்தக் கஷ்டம் ஆரம்பமாயிற்று.

சிநேகிதர்கள் எல்லோரும் பாரிஸ் என்றார்கள். ஆனால் மார்ச்சு ஆரம்பத்தில் பாரிஸில் மரங்கள் இன்னும் மொட்டையாகவே நிற்கும். நடுப்பகலிலேயே பத்துப் பன்னிரண்டு டிகிரிதான். தூறலுக்கும் குறைவில்லை. என் மனைவிக்கோ முழங்காலில் வாதம். மார்கழிப் பனிக்கே கம்பளி தேடுகிறவள். பாரிஸைத் தள்ளினேன்.

உண்மையில் என் மனம் வேறோர் ஊரில் இருந்தது. அந்த ஊர் ஆர்ல். வான்கோ என்ற ஓவியர் தென்னாட்டு வெளிச்சத்தைத் தேடி 1888 பிப்ரவரி 20-ஆம் தேதி அங்கே போய் இறங்கினார். அன்று ஊரெல்லாம் பனி மூடிக் கிடந்தது. ஆனாலும் சில நாட்களில் வாதுமை மரம் பூத்தது. ஒரு சிறு கிளையைக் கண்ணாடித் தம்ளரில் வைத்து வரைந்தார். பிறகு தோட்டம் தோட்டமாகப் பூக்கப் பூக்க வரைந்துகொண்டே இருந்தார். அந்தப் பருவத்தில் அந்த ஊரில் கண் விழிக்க வேண்டும் என்பது என் இருபது வயது ஆசை. அவர் குடியிருந்த மஞ்சள் வீடு 1944-ல் குண்டு வீச்சில் அழிந்தது என்று தெரிந்தும் ஆசை போகவில்லை.

அங்கே ஓர் அறையும் அகப்பட்டது. மூன்றாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் ரோன் நதி, வாடகையும் மலிவு. குறைகள் இரண்டு. லிஃப்ட் கிடையாது. மிஸ்திரால் என்ற வாடைக்காற்று ரோன் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி நாள் கணக்கில் வீசும். இந்த இரண்டையும் நான் மனைவியிடம் சொல்லவில்லை.

"உனக்குச் சம்மதந்தானே?" என்று மட்டும் கேட்டேன்.

"உங்களுக்கு எது இஷ்டமோ, அதைச் செய்யுங்கள்" என்றாள்.

முப்பத்தெட்டு வருஷமாகக் கேட்டுப் பழகிய பதில்தான். ஆனால் அன்று உறுத்திற்று. முன்பு ஒரு நாவலை முடிப்பதற்காக அவளை அடைமழையில் கொடைக்கானலுக்கு அழைத்துப் போனேன். நாவல் முடிந்தது. அவள் பத்து நாளும் அறைக்குள் இருமிக்கொண்டிருந்தாள்.

"என் இஷ்டம் இருக்கட்டும். உனக்கு எப்படிப்பட்ட இடம் வேண்டும்?" என்றேன்.

வெகுநேரம் யோசித்தாள். "ஏறி இறங்கச் சிரமம் கூடாது. வெயில் வர வேண்டும். வாய்க்கு வழங்குகிற மாதிரி ஏதாவது கிடைக்க வேண்டும்."

மூன்றே விஷயம்! மூன்றுக்கும் நீஸ் நகரம் பொருந்திற்று. ஆல்ப்ஸ் மலை வடக்கே அரணாக நிற்க, மத்தியதரைக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர். பனிக்குப் பயந்து வந்த இங்கிலீஷ்காரர்கள் 1820-களில் கடலோரமாகப் போட்ட நடைபாதை இன்றும் அவர்கள் பெயரால்தான் வழங்குகிறது. பழைய பேட்டையில் கடலை மாவைத் தண்ணீரும் ஆலிவ் எண்ணெயும் விட்டுக் கரைத்து, அகன்ற செப்புத் தட்டில் ஊற்றி, விறகு அடுப்பில் வேகவைத்து, மிளகுப் பொடி தூவிக் கொடுக்கிறார்கள். ஸோக்கா என்று பெயர்.

"அடை என்று சொல்லுங்களேன்!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பழைய பேட்டையில் சந்துகள் அழகு, மாடிப்படிகள் செங்குத்து. ஆகையால் ரயிலடிக்கும் கடலுக்கும் நடுவே, லிஃப்ட் உள்ள கட்டிடத்தில் தெற்குப் பார்த்த அறையாக எடுத்தேன்.

போய் இறங்கிய அன்று மழை. மறுநாளும் மழை. ஓவியர் மத்தீஸ் 1917-ல் வந்தபோதும் இப்படித்தான் விடாத மழையாம். போய்விடுவது என்று அவர் தீர்மானித்த மறுநாள், அதே மிஸ்திரால் மேகங்களை விரட்டியடித்ததாம். இருந்துவிட்டார், 1954-ல் அந்த ஊரிலேயே கண்ணை மூடினார். இந்தக் கதையைச் சொல்லி அவளைத் தேற்றினேன், என்னையுந்தான்.

மூன்றாம் நாள் வெயில் வந்தது. ஜன்னலோரம் முழங்காலில் வெயில் பட உட்கார்ந்திருந்தவள், "அந்த வாதுமைப்பூ ஊர் இங்கிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள்.

"மார்ஸேயில் ரயில் மாறினால் நாலு மணி நேரம்."

"ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நீங்கள் மட்டும் என்றால் மூன்று மாடி ஏறலாம், காற்றும் ஒன்றும் செய்யாது" என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த அறை விவரத்தை அவளும் வாசித்திருக்கிறாள்! வாசித்துவிட்டுத்தான் 'உங்களுக்கு எது இஷ்டமோ' என்றிருக்கிறாள்.

ஆர்லுக்கு நான் போகவில்லை. தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த ஜன்னலை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.